முப்பத்தோராம் பக்கம்

இரவு ரயிலில் வந்தன
முந்நூறு பிரதிகள்.
கல்லோயாச் சந்தியில் பெட்டி கழற்றும்போது
ஒரு பொதி நனைந்துவிட்டதாம்.
கையெழுத்து வாங்கியவர்
"உள்ளுக்கு என்ன, பாடப்புத்தகமா?" என்றார்.
கவிதை என்று சொல்ல வாய் வரவில்லை.
ஓம் என்றேன்.

கட்டிலுக்கடியில் அடுக்கிய பிறகுதான்
பிரித்துப் பார்த்தேன்.
கடல் என்றிருக்க வேண்டிய இடத்தில்
கடன்.

கடன் என் படி வரை வந்து
கால் நனைத்துத் திரும்புகிறது.

கொழும்புக்கு அடித்தால்
"புறூஃப் நீங்கதானே பார்த்தது, மிஸ்."
உண்மை. கரண்ட் போன இரவு,
போன் வெளிச்சத்தில் பார்த்தது.

நீலப் பேனையால்
ஒவ்வொரு ன்னையும் ல் ஆக்கினேன்,
மீன்பிடிச் சங்கத்தில் பகல் முழுக்க
வலைக்கடன் பதியும் அதே கையால்.
நூற்றுப்பத்தில் மை தீர்ந்தது.

வெளியீட்டில் நாற்பத்திரண்டு போயின.
மண்டப வாடகைக்கே காணாது.
மேசை ஓரம் வைத்த ஒன்றின் அட்டையை
கோட்டையடி மான் வந்து மென்றது,
உள்ளே ஒரு பக்கமும் திறக்காமல்.

மாசியில், கிண்ணியாவிலிருந்து
ஓர் அஞ்சலட்டை.
நளீம்தீன், படகு எஞ்சின் திருத்துபவர்:
"மற்றதெல்லாம் எனக்கு அவ்வளவு விளங்கல்ல.
முப்பத்தொண்டாம் பக்கம் மட்டும்
எங்கட வீட்டப் பார்த்து எழுதினது போல.
படி வரைக்கும் வாறது சரி.
திரும்பிப் போறத்தத்தான்
நான் இன்னும் காணல்ல."

புதுப் பேனை வாங்கவில்லை.
மீதிப் பிரதிகள் அப்படியே கிடக்கின்றன,
உப்புக் காற்றில் ஊசி துருப்பிடித்து.

கடனை விட்டுவிட்டேன்.
அதற்கு அடுத்த வரியைத்தான்
இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.