மிச்சம் மூன்று

பெரிய வெள்ளி. மவுண்ட் எட்ஜ்கோம்பில்
மாரியம்மனுக்குக் கூட்டம் நெரியும் நேரம்.
நான் டர்பனில், மூன்றாம் மாடியில்,
தட்டுகளைத் திறக்கிறேன்.
நேற்று நாலு மணிக்கு வைத்தவை.
கிருமிக்கு விடுமுறை தெரியாது.

பட்டை, வார்விக் சந்தையில் வாங்கியது.
நாற்பது ராண்ட், செய்தித்தாள் பொட்டலம்.
விற்றவள் தாண்டெகா, என் வயதுதான்.
நெஞ்சுச் சளிக்கு, ஆறாத புண்ணுக்கு,
பொறாமைக்காரர்களுக்கு என்றாள்.
முதல் இரண்டைக் குறித்துக்கொண்டேன்.
மூன்றாவதற்கு எங்களிடம் சோதனை இல்லை.

போன மாதம் பதினாலு மில்லிமீட்டர்!
சீழ்க்கிருமிப் படலத்தில் வட்டமாய் ஒரு தெளிவு,
பாலாடையில் விரல் பட்ட இடம்போல.
பேராசிரியர் ஃபூரி கை தட்டினார்,
கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்.
நான்தான் பக்கத்து வட்டைப் பார்த்துத் தொலைத்தேன்:
பட்டைச் சாறே படாத வட்டு,
வெறும் மெத்தனாலில் நனைத்தது.
அதைச் சுற்றியும் பதினாலு.

சொன்னபோது
அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

புற்றணுக்களிலும் அதே கதை.
ஊற்றினோம், செத்தன.
அடுத்த குப்பியில் நல்ல அணுக்கள்,
அவையும் செத்தன.
கொல்வதற்கு ப்ளீச் போதும், தாண்டெகா.
எதை விட்டுவைக்கிறது என்பதல்லவா கேள்வி.

வைரஸ் தட்டுகள் மின்வெட்டில் போயின.
நாலரை மணி நேரம்; ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
தோற்றது என்றுகூட எழுத முடியாது.
'தரவு இல்லை' என்று எழுதினேன்.

மறுபடி இடித்தேன், மறுபடி ஊறவைத்தேன்.
மெத்தனால் கடைசி ஆவிவரை பறக்க
இரவெல்லாம் வட்டுகளைக் காயவிட்டேன்.

இதோ.
வெறும் வட்டை ஒட்டி
விளிம்புவரை நெருக்கியடித்து நிற்கிறது கிருமி.
அதைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்தது
இதுதான் முதல் தடவை.
பட்டை வட்டின்மேல் அளவுகோலை வைக்கிறேன்.
ஒன்பது.
வட்டே ஆறு. மிச்சம் மூன்று.
பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்
எதுவும் முளைக்காத நிலம்;
நகக்கண்ணில் அழுக்கு அடையும் அகலம்.

ஃபூரியை இன்று கூப்பிடப் போவதில்லை.
ஒன்பதுக்கு யாரும் கை தட்டமாட்டார்கள்.
இருமுறை அளந்து, பென்சிலால் எழுதி,
பிறகு அதன்மேல் பேனாவை ஓட்டினேன்.

தாண்டெகாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
இன்னொரு பொட்டலம் வேண்டும். அதே மரத்தில்.
ஒரு பக்கம் மட்டும் உரிக்கச் சொல்,
மரம் சாகக் கூடாது.

உடனே பதில் வந்தது:
அறுபது ராண்ட்.