கம்பிக் கதவு

போஸ்ச்சர் என்ற சொல்லைச் சொன்னதும்
குவெக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
உங்கள் முதுகைச் சொல்லவில்லை,
நம் கிளவுட் நிற்கும் விதத்தைச் சொல்கிறேன் என்றேன்.
மேகம் எங்கே நிற்கிறது,
அது போய்க்கொண்டல்லவா இருக்கிறது என்றார்.
நிதிப் பிரிவு. சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, பாய லேபார் மேல்
மூன்று மணி மழை கருத்துக் கட்டியிருந்தது.
எங்கள் மேகம் அதுவல்ல.
எங்கள் மேகத்துக்கு ஜன்னலே கிடையாது.
தை செங்கிலோ ஜூரோங்கிலோ
குளிரூட்டிய கட்டடமொன்றில் வாடகைக்கு இருக்கிறது.
பதினொரு டயாலிசிஸ் நிலையங்கள் அதில் குடித்தனம்.
யாருக்கு எந்தக் கிழமை, எந்தப் படுக்கை,
உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீர் இறக்க வேண்டும்,
எல்லாம் அங்கே.

மூன்று கருவிகள்.
ஒவ்வொன்றும் பதினான்கு நாள் இலவசம்.

முதலாவதை விற்க வந்தவர் துணிப்பை தந்தார்,
குடை தந்தார்.
அவர் கருவி ஒரே இரவில்
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளி வைத்தது.
'திரைக்கு அம்மை போட்டிருக்கு' என்றாள் ஜுலைகா.
நான் இருக்கும் புளோக்கில்
பன்னிரண்டாம் மாடி முழுக்கக் கதவுகள் திறந்தேதான் கிடக்கும்,
காற்றுக்காக.
கம்பிக் கதவு மட்டும் பூட்டியிருக்கும்.
இந்தக் கருவியோ மாடி மாடியாக ஓடி
திறந்திருக்கு திறந்திருக்கு என்று கத்துகிறது.
கம்பி அதன் கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது மலிவு.
எங்கும் பச்சை.
மழை நாளில் கொடித்துணி காய்ந்துவிட்டது என்பவரை
எந்த அளவுக்கு நம்புவேனோ
அந்த அளவுக்கு நம்பினேன்.

மூன்றாவதற்கு
எந்திரம் ஒன்றுக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கு.
குவெக் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார்.
எட்டு நாள் அது பெரிதாக எதுவும் பேசவில்லை.
ஒன்பதாம் நாள் இரவு ஒரே ஒரு கோடு வரைந்தது:
வெளியிலிருந்து ஒரு கதவு,
கதவுக்குப் பின் யாரும் மாற்றாத சாவி,
சாவிக்குப் பின் ஒரு பெட்டகம்,
பெட்டகத்தில் அறுநூற்று எட்டுப் பேர்.
கம்பி இல்லை.
பெட்டகத்தின் பெயர் டெஸ்ட்-டெலிட்-லேட்டர்.
திறந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்,
அடையாள அட்டையில் உள்ளபடி,
நடுவில் டி/ஓ போட்டு அப்பா பெயரோடு.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வியாழன், மாலை 6.52.
கோப்பு திறக்கவில்லை என்று
ஆய்வுக்கூடத்திலிருந்து யாரோ நச்சரித்தார்.
பத்தே நிமிடம் என்றுதான் திறந்துவிட்டேன்.
பிறகு ரயில்.

மூடினேன்.
கம்பிக் கதவென்றால் கிறீச்சிட்டிருக்கும்.
இது ஒரு கிளிக்கில்
மூடினோமா இல்லையா என்றே தெரியாமல் மூடிக்கொண்டது.
யாராவது வந்து போனார்களா என்று
விடியும்வரை பதிவுகளை வரிவரியாகப் படித்தேன்.
ஒன்றரை வருடத்துப் பதிவுகளைத்தான் வைத்திருக்கிறோம்.
அந்த ஒன்றரை வருடத்தில் யாரும் வரவில்லை.
அதற்கு முந்தியதைக் காட்டும் கருவியை
எவரும் விற்பதில்லை.

கமிட்டிக்கு ஒரு பக்கம் போதும் என்றார்கள்.
மூன்றாவது என்று எழுதினேன்.
காரணம் கேட்ட இடத்தில்
'என்னைப் பிடித்தது' என்று எழுதி
அழித்து
அதையே மறுபடி எழுதி
தேதியும் நேரமும் சேர்த்தேன்.

குவெக் இறுதிவரை படித்தார்.
ஜுலைகா மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் மாமியார், பிடோக் நிலையம்,
செவ்வாய், வியாழன், சனி என்றார் அவர்.
பெயரைச் சொன்னார்.
எழுத்துக்கூட்டியும் சொன்னார்.

தேடினேன்.
வரிசை எண் நாற்பத்தொன்று.

பேனா கேட்டார்.