தங்கும் நாட்கள்

காட்பாடி ஐந்தாம் பிளாட்பாரத்தில்
முனிரத்தினத்தை நிறுத்திவிட்டு
இருபத்தேழு நாளாகிறது.
ரயிலும் ஏறமாட்டான்,
வீட்டுக்கும் திரும்பமாட்டான்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

காந்தி ரோடு லாட்ஜில் எனக்கு நைட் ஷிப்ட்.
சாவிக்கொத்து, கொசுவத்தி,
போன வருஷத்து பில் கட்டுகள்.
அவற்றின் பின்பக்கத்தில்தான் நாவல்.
"இன்னுமா முடியல?" என்று
பால் பாக்கெட் போடும் தசரதன்கூடக் கேட்கிறான்.
முதல் அத்தியாயம் எழுதியபோது
அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மூன்று மணிக்கு ஒரு குடும்பம் வந்தது,
ஹவுரா ரயிலில்.
எக்ஸ்ரே உறை மடங்காமல்
இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு பெண்.
பெயர், ஊர், ஆதார் எல்லாம் எழுதினாள்.
'தங்கும் நாட்கள்' கட்டத்தில் பேனா நின்றது.
எத்தனை நாள் என்று
எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
ஒரு நாளுக்கு மட்டும் எண்ணி வைத்தாள்.

பதினாலாம் நம்பர்க்காரரும்
இப்படித்தான் வந்தார்.
தினமும் பதினோரு மணிக்கு இறங்கிவந்து
ஒரு நாள் வாடகை கட்டுகிறார்,
நாலு மாசமாக.

ஃபேன் அனலைக் கிளறுகிறது.
பில் கட்டைத் திருப்பினேன்.
முனிரத்தினத்தை என்ன செய்வதென்று
இன்னமும் தெரியாது.
ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.
ஊதி ஊதிக் குடித்தான்.
கிளாஸைத் திருப்பித் தரும்போது
டீக்காரரிடம் எதையோ கேட்டான்.
ரயில் சத்தத்தில் காதில் விழவில்லை.
பரவாயில்லை,
நாளைக்கும் எனக்கு நைட்டுதான்.