இடப்பக்கம் சரிந்த இரவு

கிளாஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேரம்.
ஒவ்வொரு வளைவிலும் இழுப்பறைகள் வாய்திறந்து
கரண்டிகள் பேசிக்கொண்டே வந்தன.
நாங்கள் பேசவில்லை.
வரைபடம் என் மடியில் விரிந்திருந்தது.
ஸ்ட்ருவன் வழி கேட்கவுமில்லை
நான் சொல்லவுமில்லை.

ஒற்றைத்தடச் சாலை சோர்ந்து நின்ற இடத்தில்
ஓர் ஏரி. பெயர்ப்பலகைகூட இல்லை.
சுற்றிலும் கறுத்து ஊறிய மண்,
ஊதாவாகத் தயங்கும் புதர்கள்,
எங்களை எண்ணிப்பார்த்துவிட்டு
மறுபடி மேயத் தொடங்கிய செம்மறிகள்.
இங்கே, என்றான்.
இங்கேயா, என்றேன்.
வியாழனுக்குப் பிறகு எங்கள் முதல் உரையாடல்.

சக்கரத்தடியில் கொடுக்கும் மஞ்சள் ஆப்புகள்
கராஜில் கிடந்தன, பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில்.
எடுத்து வை என்றது நான்.
வைத்தாயிற்று என்றது அவன்.
இந்தச் சண்டையை நாங்கள் போடவில்லை.
ஆளுக்கொரு கதவைச் சாத்தியதோடு சரி.

தட்டைக் கற்களை அடுக்கிப் பார்த்தான்.
வண்டி ஏறியது, கல் மண்ணுக்குள் போனது.
ஃபின்லே தரையில் ஓர் ஆரஞ்சை வைத்தான்.
அது அவசரமே இல்லாமல் உருண்டு
ஃபிரிட்ஜின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
"இடப்பக்கம்" என்று தீர்ப்பு வழங்கினான்
ஒன்பது வயது நீதிபதி.

இரவு பத்தரைக்கும் வெளிச்சம் கிளம்ப மனமில்லாமல்.
சாஸேஜ் வாசனை எழும்முன்பே
பொடிப்பூச்சிகள் வந்துவிட்டன.
கொசு என்று சொன்னால் கொசு கோபித்துக்கொள்ளும்,
அவ்வளவு சிறிசு, அவ்வளவு கூட்டம்.
வலைத்தொப்பி மாட்டி வரிசையாக உட்கார்ந்தோம்.
தேவாலய வாசலில்
மாப்பிள்ளை வராத நான்கு மணப்பெண்கள்.
வலையைத் தூக்கி ஒரு வாய்,
இறக்கி ஒரு மெல்லல்.
ஊனா சிரித்தாள்.
பதினைந்து வயதில் அது எப்போதோ வரும் வால்நட்சத்திரம்.
பார்த்தால் கலைந்துவிடுமென்று
நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்னல் தேடி
நிலத்தடி நீரோட்டம் பார்ப்பவளைப் போல
கைப்பேசியை நீட்டியபடி ஏரியைச் சுற்றினாள்.
ஒரு கோடுகூட ஊறவில்லை.
கடைசியில் அதே கைப்பேசியால்
ஒரு தவளையைப் படமெடுத்து
தவளைக்கே காட்டினாள்.

நள்ளிரவுக்குமேல் மழை.
ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த பரணில்
முதலில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று,
பிறகு தலையணையோடு இறங்கிவந்த இரு பிள்ளைகள்.
இருவர் படுக்கையில் நால்வர்.
மேட்டில் ஃபின்லே, அவன் கீழே ஊனா,
அவள் கீழே நான்,
எல்லாப் பாரத்துக்கும் அடிவாரமாய்
சுவரோரம் ஸ்ட்ருவன்.
ஒவ்வொரு பெருமூச்சுக்கும்
ஓரங்குலம் அவன்மேல் சரிந்தோம்.

மூச்சு விட முடிகிறதா?
முடியாதபோது சொல்கிறேன்.

அவன் விலா குலுங்கியது.
அது என் விலாவுக்கு வந்தது.
எதற்கென்று தெரியாமலே பிள்ளைகளுக்கும் போனது.
தூங்குங்கள், என்று யாரோ அதட்டினோம்.

ஆறு மணிக்குக் கதவில் தட்டல்.
ரப்பர் பூட்ஸ், ஈரத்தொப்பி, நாய்:
இந்த நிலத்துக்காரி.
மன்னிப்பை நான் வாயில் தயாராக வைத்திருந்தேன்.
அவள் குனிந்து வண்டிக்கடியைக் காட்டினாள்.
மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்குட்டி ஒன்று
பின்னச்சுக்குக் கீழே
எங்களைவிட நன்றாகத் தூங்கியிருந்தது.
ஸ்ட்ருவன் தவழ்ந்துபோய்
சேறும் குட்டியுமாக வெளியே வந்தான்.

இன்னும் ஒரு ராத்திரி இருக்கலாமா, என்றேன்.
தாராளமாக, என்றவள்
வண்டியைப் பார்த்தாள், தலையைச் சாய்த்தாள்,
வண்டியின் சாய்வுக்கே தலையைச் சாய்த்தாள்.
"முப்பதடி தள்ளினால் மட்டமான தரை இருக்கிறதே."
இருந்தது.
மேசைபோல, பச்சையாக,
நேற்றெல்லாம் எங்கள் கண்ணெதிரிலேயே.

அவள் போனபின்
சாவி ஸ்ட்ருவன் கையில் சுழன்றுகொண்டிருந்தது.
பிள்ளைகள் அவனைப் பார்த்தார்கள்.
நான் கெட்டிலைப் பார்த்தேன்.
டீசல் வீண், என்று சாவியைப் பையில் போட்டான்.

முப்பதடிக்கு எவ்வளவு டீசல் ஆகும் என்று
நான் கேட்கவில்லை.