ஆறாவது துளை

பல் செட் செய்வது என் பிழைப்பு.
போப்பரிங்கேயில், தேவாலயத்துக்குப் பின்தெருவில் பட்டறை.
முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பொருந்தும்வரை
பீங்கானைச் சுரண்டும் அதே ஊசியால்
இரவில் கைக்கடிகாரங்களின் முதுகைத் திறக்கிறேன்.

நாற்பத்தொன்று இருக்கின்றன.
எல்லாம் பட்டாளத்து மணிக்கட்டுகளில் கிடந்தவை.
இரண்டு போலி.
முந்தாநாள் செதுக்கிய அரசாங்க அம்புக்குறியை
வினிகரில் ஊறவைத்து என் தலையில் கட்டினான்
டோங்கரன் சந்தையில் ஒருவன்,
விடியுமுன், டார்ச் வெளிச்சத்தில்.
அவற்றையும் எறியவில்லை.
கொடுத்த காசு அப்படி.

எண்களில் பூசிய ரேடியம் பழுப்பேறிவிட்டது.
வெளிச்சம் செத்தது, நஞ்சு சாகவில்லை.
அது பாதியாகவே ஆயிரத்து அறுநூறு வருடம் வேண்டுமாம்.
என் மனைவி வேர்லெ
வீட்டுக்குள் விடமாட்டேன் என்றுவிட்டாள்.
ஆகவே கார் கொட்டகையில்,
இடது அலமாரி பிரிட்டிஷ்காரர்களுக்கு,
வலது ஜெர்மானியர்களுக்கு.

அந்தப் போரில் அகழிக்கு அகழி மணி வேறு.
இந்தப் பக்கம் நான்கென்றால் அந்தப் பக்கம் ஐந்து.
ஒரே குண்டு இரண்டு நேரங்களில் வெடித்தது.
இடையில் முள்கம்பி.
நானும் முள்ளைத் திருப்பி
அப்படியேதான் வைத்திருக்கிறேன்.
நடுவிலுள்ள ஒரு மணி நேரத்தில்
என் கார் நிற்கிறது.

நாற்பத்திரண்டாவதற்குக்
கோழிப்பண்ணை அலீடா போன் செய்தாள்.
பிஸ்கட் டப்பாவைத் திறந்து
மேசைமேல் வைத்துவிட்டு
ரப்பர் பூட்ஸைக் கழற்றப் போனாள்.
கறுத்த வெள்ளிக் கூடு.
கண்ணாடியைக் காக்கச் சிறு இரும்பு வலை.
தோல்வாரில் கடைக்காரன் போட்ட துளைகள் ஐந்து;
ஆறாவதை யாரோ ஆணியால் குத்தியிருக்கிறார்கள்,
கோணலாக,
கொக்கியிலிருந்து வெகு உள்ளே.
வாரைச் சுற்றிப் பார்த்தேன்.
என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தால் வரும் வளையம்,
அவ்வளவுதான் அவன் கை.

முந்நூற்றைம்பது யூரோ, என்றேன்.
(எண்ணூறு பெறும்.)

அவள் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள்.
அவள் தாத்தா அந்த வீட்டின் முன்னறையில்
சிப்பாய்களுக்குச் சாப்பாடு போட்டவர்.
‘செம்பட்டைத் தலையன், பீரங்கிப் படை.
முட்டை பதினொன்று. கிழங்கு வறுவல் நான்கு தட்டு.
பியர்’ (பக்கத்தில் கோடுகள், எண்ணினேன், ஒன்பது.)
‘காசில்லை. கடிகாரம் வாங்கி வைத்தேன்.
சனிக்கிழமை மீட்பானாம்.’
தேதி இருக்கவேண்டிய மூலையை
எலி தின்றிருந்தது.

‘விற்க இது எங்களுடையது இல்லை’ என்றாள் அலீடா.
‘அடகுப் பொருள்.
வேண்டுமென்றால் அவன் கடனை நீ கட்டு.
அடகு கைமாறும்.’

முட்டை விலை அவளுக்கு மனப்பாடம்.
இன்றைய விலைக்கு எல்லாம் சேர்த்து
எழுபத்தொரு யூரோ இருபது.
வட்டி?
‘தாத்தா வட்டி வாங்கியதில்லை.’
அதே பக்கத்தில், கோடுகளுக்குக் கீழே
என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.
‘அவன் வந்தால் கொடுத்துவிடவேண்டும்.’
வந்தால் கொடுக்கிறேன், என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
சில்லறையை எண்பது காசு சரியாக எண்ணித் தந்தாள்.

வழியெல்லாம் எனக்கு ஒரே குஷி.
லாபத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில்
இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டேன்.

சாவி கொடுத்ததும் ஓடியது.
நாளுக்கு ஆறு நிமிடம் பின்தங்குகிறது.
கொட்டகைக்குக் கொண்டுபோய்
இடது அலமாரியைத் திறந்து
மூடினேன்.
இப்போது பட்டறையில்தான் இருக்கிறது.
முடிந்த பற்களை அடுக்கும் தட்டில்,
உரியவர் வந்து வாங்கிப்போகக் காத்திருக்கும்
மேல்தாடைகள், கீழ்த்தாடைகளுக்கு நடுவே.
வேர்லெ பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை,
தட்டை மட்டும் ஜன்னலோரம் தள்ளிவைத்தாள்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒருவர் வந்தார், செவ்வாயன்று.
லென்ஸ் வைத்துப் பார்த்தார். தொள்ளாயிரம், என்றார்.
வாய் திறந்து சரி என்று சொல்லத்தான் போனேன்.
‘சனிக்கிழமை போகட்டும்’ என்று வந்தது.

‘எந்தச் சனிக்கிழமை?’ என்றார்.

அந்த இடத்தைத்தான் எலி தின்றிருந்தது.