வாகைக்கு விலை

முதல் வந்தவன் மரத்தைப் பார்க்கவில்லை.
மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே
அண்ணாந்து கரண்ட் வயரைப் பார்த்தான்.
எண்பத்தையாயிரம்.
கிரேன் டைக் வீதியால் வரும், எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது,
அதற்கு வேறு.

இரண்டாமவன் தண்டைத் தட்டிக் காது வைத்தான்,
டொக்டர் மாதிரி.
விறகு தனக்கென்றால் அறுபது, எங்களுக்கென்றால் எழுபது.
எங்களிடம் இருப்பது காஸ் அடுப்பு.

மூன்றாவது, கிண்ணியாவிலிருந்து நௌபர்தீன்.
"மிஸ், இதுக்குள்ள இரும்பு கிடக்கா?"
தொண்ணூறுக்கு முந்தின மரமெண்டா ரேட் வேறயாம்.
சன்னத்தில் பட்டால் செயின் போகும்,
செயின் ஒன்று ஒன்பதாயிரம்,
மர ஆலைக்காரன் பலகையைத் திருப்பி அனுப்புவான்.
வாகையின் வயது எனக்குத் தெரியாது.
வீடு வாங்கும்போதே ஓட்டுக்கு மேல் நின்றது.
அவர் ஐம்பத்தைந்து என்றார்.
நான் ஐம்பது என்றேன்.
"சரி மிஸ்."
அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததால்
இரவு முழுக்க, நாற்பத்தைந்து கேட்டிருக்கலாமோ என்றிருந்தது.

நகரசபைக் கடிதத்துக்கு இரண்டு நாள் லீவு.
பத்திலிருந்து ஒரு மணிவரை லைனை நிறுத்த
மின்சார சபைக்குக் கட்டிய காசு.
போன வாடையில் முறிந்து சாய்ந்த கொப்பு
பக்கத்துப் பிலோமினாவின் டியூஷன் கொட்டிலுக்கு மேல்.
பாதி தருவீர்களா என்று கேட்டேன்.
"கொப்பு எங்கட பக்கம்தான், மரம் உங்கடதெல்லோ."
நிழல் மட்டும் இவ்வளவு காலமும்
ஆருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை.
சீட்டுக் காசை எடுத்தேன்.

ஏறினவன் பெயர் இல்ஹாம்.
செருப்பை அடிமரத்தில் சோடியாக வைத்துவிட்டு ஏறினான்.
இடுப்பில் நீல நைலோன், வள்ளத்துக் கயிறு,
மீன் வெடுக்கு கீழ்வரை வந்தது.
நெற்றுகள் கிலுகிலுத்தன.
"விழுந்தால்?" என்றேன்.
"விழமாட்டான்" என்றார் நௌபர்தீன்.
"விழுந்தால்?"
"அதுக்கும் சேத்த விலை, மிஸ்,
முதல் வந்த ஆள் சொன்னது."

நாற்பதடி உயரத்தில் ஒரு கையால் வாளைப் பிடித்து
மறுகையால் கொப்பைத் தள்ளுகிறான்.
நான் குறைத்த ஐயாயிரம்
அந்தக் கயிற்றில் எந்தப் புரி?
சோடாப் போத்தலை வாங்கி வைத்துக்கொண்டு
கீழே நிற்கிறேன்,
அவன் இறங்கட்டும், இறங்கட்டும் என்று.

கொப்புகள் முடிந்து தண்டுக்கு வந்தபோது
கிரீச்.
வாள் நின்றது. ஒழுங்கை நின்றது.
பிலோமினா வெளியே வந்தாள்.
"ஷெல் துண்டு."
"இஞ்சதானே அப்ப விழுந்தது."
"இல்ல, அது ஆஸ்பத்திரிப் பக்கம்."
ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள்.
நௌபர்தீன் உளியால் கிண்டிக் கிண்டி
விரல் நீளத்தில் ஒன்றை எடுத்து
என் கையில் வைத்தார்.

வளைந்த கொக்கி.
கல்யாணம் முடிந்த மாதம், உடுப்புக் கொடி கட்ட,
சுத்தியல் இல்லாமல் செங்கல்லால்
நானே அறைந்தது.
காணாமல் போனதென்று வேறு இடத்தில் கட்டியிருந்தேன்.
பதினாறு வருடமாய் மரம் அதை
உள்ளுக்குள் வைத்து மூடியிருக்கிறது.

ஒன்பதாயிரத்தை எண்ணத் தொடங்கினேன்.
"ஆறு தாங்க மிஸ், செயின் பழசுதான்."
இந்த முறை நான் பேரம் பேசவில்லை.
அவர்தான் பேசினார்.

பின்னேரம் கடற்கரைப் பக்கமிருந்து நாலு மான்,
ஒன்றுக்குக் கொம்பில் யாரோ வீட்டு வலைத்துண்டு,
வந்து இலைக்குவியலைத் தின்றன.
அள்ளிக்கொண்டு போக லொறிக்கு
நாலாயிரம் கேட்டிருந்தார்கள். பாதி மிச்சம்.
அடிக்கட்டையைத் தோண்ட இன்னும் பதினெட்டாம்.
அது கிடக்கட்டும்.

விடிய ஆறு பத்துக்கு
தலையணையில் வெயில்.
கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு
யன்னலின் அகலத்தைச் சாணில் அளக்கிறேன்:
சீலை எத்தனை யார் வேணும்,
மெயின் வீதியில் யார் என்ன விலை?