வசிப்புக் காலம்

விதிமுறைக் கையேடு, பதினொன்றாம் பக்கம்:
பகுதிநேர ஆய்வாளர் மொத்தம் ஆறு மாதம்
ஆய்வு மையத்தில் வசித்திருக்க வேண்டும்.
குவைத்தின் சட்டம்:
ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால்
இகாமா செத்துவிடும்.
ஆகவே தவணையில் கட்டுகிறேன்,
கோடைக்கு நாற்பத்தைந்து நாள் வீதம்,
நாலு கோடை,
விமானக் கட்டணம் மும்மடங்காகும் மாதம் பார்த்து.

மற்ற நாட்களில் ஆய்வு மையம் என்பது
அப்பாசியாவில் மூன்றாம் மாடி,
துணிக்கம்பிக்குக் கீழே ஒரு மடக்கு மேசை.
தூசிக்காற்று அடித்த மறுநாள்
மேற்கோள் பட்டியலை வழித்துவிட்டுத்தான்
ஆண்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.

முதுகலையில் ஐம்பத்தைந்து சதவீதம் கேட்டார்கள்.
இருந்தது.
ஆட்சேபணை இல்லை என்று பள்ளியிடமிருந்து ஒரு கடிதம்.
முதல்வர் இரண்டு மாதம் வைத்திருந்தார்.
"டாக்டர் ஆயிட்டா சம்பளம் ஏத்தணுமா, ரெஜினாள் மிஸ்?"
இல்லை சார் என்றேன்.
பேனா மூடியைத் திறந்தார்.

தலைப்பு:
இடம்பெயர் குடும்பத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின்
பள்ளி மாற்றமும் கணிதத் தேர்ச்சியும்.
முன்தேர்வு, ஓராண்டு இடைவெளி, பின்தேர்வு.
நடுவில் நாற்பது கேள்விகள் கொண்ட வினாநிரல்,
ஐந்து வல்லுநர் பார்த்து ஒப்பியது,
நம்பகக் கெழு புள்ளி எட்டு இரண்டு.
புள்ளி எட்டு இரண்டு வந்த அன்று
லூர்துநாதன் அகமதியிலிருந்து வரும் வழியில்
அரைக்கிலோ ஹமூர் வாங்கிவந்தான்.

பதினான்காம் கேள்வி:
இந்தப் பள்ளியில் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பாய்?
ஒன்று. இரண்டு. ஐந்துக்கு மேல். தெரியாது.
ஏழு சி பிரிவு, ஹிதாயத்,
எந்தக் கட்டத்திலும் குறியிடாமல்
ஓரத்தில் பென்சிலால் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு
உள்ளே டிக் அடித்து
பக்கத்தில் எழுதியிருந்தான்:
'அப்பா கம்பெனிய கேளுங்க மிஸ்.'

வழிகாட்டி குரல்செய்தி அனுப்பினார்,
பின்னால் பேருந்து ஹார்ன்:
"அது செல்லாத படிவம்மா. எடுத்துடுங்க.
கருவியை இப்ப மாத்தினா
முன்னோட்ட ஆய்வு மறுபடி. நாலு மாசம்."

எடுக்கவில்லை. மாற்றவுமில்லை.
கோப்பில் தனியாக, கடைசியில் வைத்தேன்.

பிறகு ஒத்திருப்புச் சோதனை.
பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.
பதினேழு வந்தது.
எங்கே என்று பார்த்தால்
பாதி புள்ளியியல் சூத்திரங்கள்,
மீதி நன்றியுரை.
'என் கணவரின் பொறுமையின்றி இது சாத்தியமில்லை'
என்ற வரி முழுதும் சிவப்பு.
என்னென்னவோ ஊர்களில் என்னென்னவோ கணவர்கள்
இதே பொறுமையோடு இருந்திருக்கிறார்கள்.
லூர்துவிடம் காட்டினேன்.
"அப்ப என்னைத் தூக்கிடு, சதவீதம் குறையும்" என்றான்
பாத்திரம் கழுவிக்கொண்டே.
தூக்கினேன். ஒன்பதரை.

பின்தேர்வு நாள்.
முன்தேர்வில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
இன்று இருநூற்று எழுபத்தொன்று.
நாற்பத்தொன்று குறைகிறது,
பதின்மூன்று சதவீதம்.
'மாதிரி இழப்பு, ஏற்கத்தக்க எல்லைக்குள்'
என்று நான்காம் இயலில் ஒரு வரி எழுதினேன்,
ஒரு வரி போதும் என்றார்கள்.

காரணப் பத்தியில் ஷிபானாவுக்கு இட மாற்றம்.
கோகுலவாசனுக்கு அம்மாவோடு ஊர்.
ஆறு பேருக்கு ஒப்பந்தம் முடிவு,
ஆறு பேருக்கும் அப்பா வேலை ஒரே தளம்.

ஆய்வுரையைச் சமர்ப்பிக்கக் கேட்டவை:
இரண்டு கட்டுரைகள், கருத்தரங்கச் சான்று இரண்டு,
நூலகத்தில் பாக்கி இல்லை என்ற சான்று,
கட்டணம், பிரதிகள் நான்கு, கறுப்பு அட்டை, பொன் எழுத்து.
எல்லாம் இருந்தன.
தற்போதைய வசிப்பிடம் என்ற கட்டம் சின்னதாயிருந்தது,
ஜலீப் அல் ஷுயூக் முழுதாக நுழையவில்லை.

ஞாயிறு காலை, முதல் மணி.
வருகைப் பதிவேட்டில் இன்னும் யாரும் அடிக்காத பெயர்.
ஹிதாயத், என்றேன்.
"போயிட்டான் மிஸ்,"
"வியாழக்கிழமையே போயிட்டான் மிஸ்,"
"அவன் காம்பஸ் பாக்ஸ் என்கிட்ட இருக்கு மிஸ்."

பின்னிணைப்பு ஐந்தில்
ஒரு செல்லாத படிவம் இருக்கிறது.
தேர்வாளர்கள் அந்தப் பக்கம்வரை புரட்டுவதில்லை
என்று சொல்கிறார்கள்.